டிரங்குப் பெட்டியில் ஒரு கொலை ஒத்திகை

கொலை செய்வதில் ஒரு கஷ்டமும் கிடையாது. 'கத்தி பளபளத்தது' என்று ஒரு வரி எழுதினால் வேலை முடிந்தது. கஷ்டமெல்லாம் அதற்குப் பிறகுதான். செத்தவரை எங்கே வைப்பது, எதில் எடுத்துப்போவது, மாடிப்படியில் திரும்பும்போது எந்தப் பக்கம் பிடிப்பது என்று யோசிக்க ஆரம்பித்தால் சோறு இறங்காது. துப்பறியும் கதை எழுதுகிறவர்கள் யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். (கேட்டுப் பாருங்கள். கொஞ்சம் தள்ளி நின்று கேளுங்கள்.)

எனக்கு இது விளங்கியது தொண்ணூறுகளின் பின்பாதியில், மல்லேஸ்வரத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை. பிணமாக ஒத்துழைத்தவர் என் கணவர் சம்பத்.

கல்யாணமாகி குடியாத்தத்திலிருந்து பெங்களூருக்கு வந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. ரத்னம்மா என்ற கன்னடக்கார அம்மாவின் வீட்டு மாடியில் குடியிருந்தோம். சம்பத் பீன்யாவில் ஒரு தொழிற்சாலைக்கு வேலைக்குப் போவார். நான் வீட்டில் உட்கார்ந்து ஆட்களைத் தீர்த்துக் கட்டுவேன். மாத நாவல்கள் கொடிகட்டிப் பறந்த காலம் அது. பஸ் ஸ்டாண்டுக் கடைகளில் அவை துணி காயப்போட்ட மாதிரி கயிற்றில் தொங்கும். என்னுடைய சிறுகதைகள் இரண்டு மூன்று வெளிவந்த தைரியத்தில், சென்னையில் ஒரு மாத நாவலின் ஆசிரியருக்கு எஸ்.டி.டி. பூத்திலிருந்து போன் போட்டு, முழு நாவல் எழுதட்டுமா என்று கேட்டேன்.

"எழுதுங்கம்மா. ஆனா ஒண்ணு. மெட்ராஸ்ல உக்காந்து பெங்களூர்க் கதை எழுதறவங்க எல்லாருக்கும் ஒரே பெங்களூர்தான். குளிரு, எம்.ஜி. ரோடு, ஸ்வெட்டர் போட்ட வில்லன். நீங்க அங்கயே குடியிருக்கீங்க. நிஜமான ஊரைக் காட்டுங்க. அந்த ஊர்லதான் அந்தக் கொலை நடக்க முடியும்னு படிக்கிறவனுக்குத் தோணணும்" என்றார் அவர்.

எனக்குத் தெரிந்த நிஜமான பெங்களூர், மல்லேஸ்வரத்துக் காய்கறி மார்க்கெட்டும் சிவாஜிநகரில் ஜாக்கெட் துணி வாங்கும் கடையும்தான். ஆகையால் கொலை மல்லேஸ்வரத்தில் நடந்தது, பிணம் சிவாஜிநகரில் கிடைத்தது. நடுவில் பிணம் ஒரு டிரங்குப் பெட்டியில் பயணம் செய்தது. ஆட்டோவில் ஏற்றி, பஸ் ஸ்டாண்டுப் பக்கம் துணி மூட்டைகளோடு மூட்டையாக வைத்துவிட்டு வில்லன் வெள்ளரிக்காய் தின்றபடி நடந்துபோனான். அந்த வெள்ளரிக்காய் எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

போனில் கதையைக் கேட்ட ஆசிரியருக்கு வெள்ளரிக்காயில் ஆட்சேபணை இல்லை. பெட்டியில்தான் இருந்தது.

"பொட்டிக்குள்ள ஆள் அடங்குவானா? நம்ம வாசகருங்க எல்லாம் வீட்ல டிரங்குப் பொட்டி வச்சிருக்கறவங்க. போய்த் திறந்து பார்ப்பாங்க. அடங்கலைன்னா என்னைத்தான் திட்டுவாங்க. நல்லா விசாரிச்சு திங்கக்கிழமை சொல்லுங்க" என்றார்.

யாரிடம் விசாரிப்பது? பெட்டி வீட்டிலேயே இருந்தது. கல்யாணத்துக்கு என் அம்மா சீராகக் கொடுத்த பெட்டி. குடியாத்தத்தில் கடை கடையாக ஏறி இறங்கி, தட்டிப் பார்த்து, மேலே உட்கார்ந்து பார்த்து அம்மா வாங்கியது. அளவெடுத்த மாதிரி கணவரும் வீட்டிலேயே இருந்தார். சம்பத் ஒல்லி. உயரமும் அப்படி ஒன்றும் இல்லை. பெண் பார்க்க வந்தபோது அதை ஒரு குறையாக என் அத்தைமார்கள் பேசினார்கள். எனக்கு அதன் பயன் அப்போது தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில், நிலைமையை அவரிடம் எடுத்துச் சொன்னேன். அவர் பேப்பரை மடித்து வைத்தார்.

"நான் உள்ள படுக்கணும். அவ்வளவுதானே?"

"ஆமாங்க."

"மூடணுமா?"

"மூடினாத்தாங்க தெரியும்."

"மத்தியானம் அம்மாவைக் கூப்பிட கன்டோன்மென்ட் ஸ்டேஷனுக்குப் போகணும். ஞாபகம் இருக்கில்ல?"

என் மாமியார் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் வருகிறார் என்பது எனக்கு நன்றாகவே ஞாபகம் இருந்தது. காலையிலிருந்து வீட்டை இரண்டு முறை பெருக்கியிருந்தேன்.

"ஒரு நிமிஷ வேலைங்க" என்றேன்.

டிபன் முடித்துவிட்டுப் படுக்கிறேன் என்றார். செத்தவன் வெறும் வயிற்றில் செத்தவன், வயிறு உப்பியிருந்தால் கணக்கு தப்பிவிடும் என்று நான் ஒத்துக்கொள்ளவில்லை. பெட்டியிலிருந்த பட்டுப்புடவைகளையும் பித்தளைப் பாத்திரங்களையும் கட்டிலில் எடுத்து வைத்தேன். சம்பத் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, பனியன் லுங்கியோடு பெட்டிக்குள் இறங்கி, ஒருக்களித்து, முழங்காலை முகவாயோடு சேர்த்து மடக்கிக்கொண்டார்.

அடங்கினார்! அப்படியே பிடித்து வைத்த மாதிரி அடங்கினார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஒரு கணவர் இதற்கு மேல் ஒரு மனைவிக்கு என்ன செய்துவிட முடியும்?

"மூடறேங்க."

"ம்."

மூடி தோளில் கொஞ்சம் இடித்தது. செத்தவனுக்கு இடித்தால் என்ன என்று மேலே உட்கார்ந்தேன். 'டக்' என்று ஒரு சத்தம் கேட்டது.

அந்தப் பெட்டியில் இருந்தது அமுக்கினால் தானாகப் பூட்டிக்கொள்ளும் பூட்டு. திறக்கத்தான் சாவி வேண்டும். அதுவரை மூடியை அமுக்காமல் சும்மா சாத்தி வைத்தே புழங்கியிருந்தேன். சாவி குடியாத்தத்தில் என் அம்மாவின் இடுப்பில் இருந்தது. ('உனக்குப் பொறுப்பு வந்தப்புறம் தர்றேன்' என்று சொல்லியிருந்தார். அம்மாவை இன்றுவரை என்னால் குறை சொல்ல முடியவில்லை.)

"போதும், திற" என்றது பெட்டி.

நான் மூடியைப் பிடித்து இழுத்துப் பார்த்தேன்.

"கௌரி?"

"என்னங்க, மூச்சு விட முடியுதா?"

"ஏன் கேக்கறே?" என்றார் சம்பத்.

கடவுள் இருக்கிறார் என்பதற்கு அந்தப் பெட்டியின் பக்கவாட்டில் அத்தாட்சி இருந்தது. கைப்பிடி ஆணிகளில் ஒன்று எப்போதோ கழன்று விழுந்து, விரல் நுழையும் அளவுக்கு ஓட்டை. அவர் மூக்கை அங்கே கொண்டுவந்துவிட்டார். நான் கொண்டை ஊசியால் கிளறினேன், வளைந்தது. கத்தியால் நெம்பினேன், கத்தி முறிந்தது. அம்மிக் குழவியால் ஓர் அடி அடித்தேன். உள்ளேயிருந்து அவர், தான் இனிமேல் வலது காதால் எதையும் கேட்கப்போவதில்லை என்று தெரிவித்தார்.

சத்தம் கேட்டு ரத்னம்மா மேலே வந்தார். "ஏனம்மா கௌரி, ஏனு சத்தா?"

"ஆன்ட்டி, அவரு பெட்டிக்குள்ள இருக்காரு."

ரத்னம்மா பெட்டியைப் பார்த்தார், ஆணியில் தொங்கிய சட்டையைப் பார்த்தார். "சண்டையா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"இல்ல ஆன்ட்டி. கதைக்கு."

"நமஸ்காரம் ஆன்ட்டி" என்றது பெட்டி.

ரத்னம்மா நல்ல மனுஷி. மூக்கின் மேல் விரலை வைத்து முடித்ததும் வேலையில் இறங்கினார். மல்லேஸ்வரத்தில் சாவி செய்பவரின் கடை ஞாயிற்றுக்கிழமை பூட்டியிருக்கும் என்றும், சிவாஜிநகரில் திறந்திருக்கும் என்றும் சொன்னார். நான் போய் அழைத்து வருகிறேன் என்றேன். பெட்டி மறுத்தது.

"போக வர எவ்ளோ நேரமாகும்? என்னைத் தனியா விட்டுட்டுப் போகாத. பொட்டியோட எடுத்துட்டுப் போ. கேக்கறவங்ககிட்ட பாத்திரம்னு சொல்லு. நான் இப்படி இருக்கேன்னு இந்தத் தெருவுல ஒருத்தருக்கும் தெரியக் கூடாது."

அப்படியாக, கதையில் எழுதிய பாதையிலேயே, எழுதிய பெட்டியிலேயே, மல்லேஸ்வரத்திலிருந்து சிவாஜிநகருக்குப் புறப்பட ஏற்பாடு ஆனது. அத்தை, அதாவது என் மாமியார், வந்தால் பார்த்துக்கொள்ள ரத்னம்மா வீட்டில் தங்கினார். தெருமுனையிலிருந்து நான் கூட்டிவந்த ஆட்டோக்காரர் ஜீவனஹள்ளித் தமிழர், பெயர் செல்வராஜ். அவரும், எதிர்வீட்டில் துணி தேய்த்துக்கொண்டிருந்தவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்தார்கள். என் வில்லன் இதே பெட்டியைத் தனி ஆளாகத் தோளில் தூக்கிப்போட்டு, விசிலடித்துக்கொண்டே படி இறங்கியிருந்தான். இங்கே மாடிப்படித் திருப்பத்திலேயே தேய்க்கிறவர் உட்கார்ந்துவிட்டார்.

"இன்னாக்கா உள்ள? கல்லா?"

"பாத்திரம்பா."

"பாத்திரமா? சத்தமே இல்லாம உருண்டு உருண்டு ஆடுது?"

வில்லனுக்கு ஒரு கூட்டாளி தேவை என்று அந்த நிமிஷத்தில் முடிவு செய்தேன். கணவரின் உயிர் ஊசலாடும்போது இதுவா நினைப்பு என்று நீங்கள் கேட்கலாம். சம்பத்தும் பிற்பாடு கேட்டார்.

ஆட்டோவின் பின்சீட்டில் பெட்டியைச் செருகியபின் எனக்கு மிஞ்சியது ஒரு ஓரம். பெட்டியை அணைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். சாங்கி ரோடு வரை ஒன்றும் நடக்கவில்லை. காற்று வரட்டும் என்று அந்த ஓட்டையில் முந்தானையால் விசிறிக்கொண்டே வந்தேன். செல்வராஜ் கண்ணாடியில் அதைப் பார்த்தார். பாத்திரத்துக்கு விசிறுகிற பெண்ணை அவர் அதற்கு முன் பார்த்திருக்க நியாயமில்லை.

அப்புறம் ஒரு வேகத்தடை வந்தது.

"அம்மா!" என்றது பெட்டி.

செல்வராஜ் வண்டியை மெதுவாக்கினார். "அக்கா, கூப்டீங்களா?"

"இல்லியே."

"யாரோ அம்மான்னாங்க."

"ரோட்ல போறவங்களா இருக்கும்."

அதோடு விட்டிருக்கலாம். பதற்றத்தில் ஓட்டைப்பக்கம் குனிந்து, "கொஞ்சம் பொறுங்க, சத்தம் போடாதீங்க" என்று சொல்லிவிட்டேன். செல்வராஜ் காதுக்கு அது எட்டியது. இனி மறைத்துப் பயனில்லை என்று, உள்ளே இருப்பது என் வீட்டுக்காரர்தான், பயப்பட ஒன்றுமில்லை, அடங்குகிறாரா என்று பார்க்கத்தான் வைத்தேன், அடங்கிவிட்டார் என்று விளக்கம் கொடுத்தேன்.

'அடங்கிவிட்டார்' என்ற சொல்லுக்கு எத்தனை அர்த்தம் உண்டு என்பதைச் செல்வராஜின் முதுகைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். அவர் அடுத்த திருப்பத்தில் சிவாஜிநகருக்கு நேராகப் போகாமல் இடதுபக்கம் ஒடித்து, ஒரு போலீஸ் ஸ்டேஷன் வாசலில் கொண்டுபோய் நிறுத்தி, சாவியை உருவிக்கொண்டு இறங்கி ஓடினார்.

எழுத்து மேஜையில் இருந்த ஏட்டு, தலை நிமிராமல் எதையோ எழுதிக்கொண்டிருந்தார். ஓடிவந்த செல்வராஜுக்குப் பேச்சு வரவில்லை. வாசலைக் காட்டிக் காட்டி மூச்சு வாங்கினார். ஆகையால் நானே பேசினேன். எனக்குத் தெரிந்த கன்னடத்தைத் திரட்டி, "சார், நம் யஜமான்ரு ஒளகே இத்தாரே" என்றேன். என் வீட்டுக்காரர் உள்ளே இருக்கிறார்.

"யாவ கேஸு?" என்றார் ஏட்டு. எந்த கேஸில் உள்ளே இருக்கிறார் என்கிறார்!

"பெட்டி, சார்."

பெட்டி திருட்டு என்று எழுதிக்கொண்டார். என் கன்னடம் அவருக்குப் பொறுக்கவில்லையோ என்னவோ, தமிழுக்கு மாறினார். "எப்ப புடிச்சாங்க?"

"காலைல சார். டிபனுக்கு முன்னாடி."

"யாரு பூட்டினது? எந்த ஸ்டேஷன்?"

"நான்தான் சார் பூட்டினேன். வீட்ல."

ஏட்டு முதல்முறையாகத் தலையை நிமிர்த்தினார். அந்த நேரம் பார்த்து செல்வராஜுக்கும் பேச்சு வந்தது. "சார், ஆட்டோல பொட்டி, பொட்டில ஆளு! அடங்கிட்டாருன்னு இந்தக்கா வாயாலயே சொன்னாங்க!"

ஸ்டேஷனே எழுந்து நின்றது. உள் அறையிலிருந்து சப்-இன்ஸ்பெக்டர் தொப்பியை மாட்டிக்கொண்டே வந்தார். கான்ஸ்டபிள்கள் பெட்டியைத் தூக்கிவந்து கூடத்து நடுவில் இறக்கினார்கள். ஒருவர் என் கை இரண்டையும் பிடித்துக்கொண்டார். சப்-இன்ஸ்பெக்டர் லத்தியால் பெட்டியைத் தட்டினார்.

"யாருங்க?" என்றது பெட்டி.

லத்தி கீழே விழுந்தது.

அதன்பிறகு கொஞ்சம் அமைதியாகப் பேச முடிந்தது. நான் கதை எழுதுகிறவள் என்பதை சப்-இன்ஸ்பெக்டர் நம்பவில்லை. சம்பத் என்னைக் கட்டிய பாவத்துக்கு உள்ளேயிருந்தபடியே சாட்சி சொன்னார். "நிஜம்தான் சார். கிரைம் எழுதறா. இது ஆராய்ச்சி. கொஞ்சம் சீக்கிரம் திறங்க சார், காத்து கம்மியா இருக்கு." குரல் காலையில் இருந்ததைவிட நிறையவே சிறுத்திருந்தது. அதுவரை நடந்ததெல்லாம் ஏதோ அத்தியாயம் அத்தியாயமாக நடப்பது போலத்தான் இருந்தது. இது சம்பத்தின் குரல். அழ ஆரம்பித்தேன்.

ஒரு கான்ஸ்டபிள் கடப்பாரை எடுத்துவந்தார். மூடிக்கும் சம்பத்தின் மண்டைக்கும் இடைவெளி இல்லை என்று நான் கத்தினேன். இரும்பு வெட்டுகிற ஆளைக் கூட்டிவரலாமா என்று யோசித்தார்கள். அப்போது சப்-இன்ஸ்பெக்டரின் பார்வை லாக்கப் பக்கம் திரும்பியது.

அங்கே கம்பிக்குப் பின்னால் குமார் என்று ஒருவர் குந்தியிருந்தார். ஒரு நகைக்கடைப் பூட்டைத் திறந்த சந்தேகத்தில் முந்தின நாள் சாயங்காலம் பிடித்துவந்திருக்கிறார்கள்.

"குமாரா, எழுந்து வா. இதைத் தெற."

குமார் அசையவில்லை. "சார், எனக்குப் பூட்டு தெறக்கத் தெரியாதுன்னு நேத்துலருந்து சொல்லிக்கினே கீறேன். நீங்கதான் நம்ப மாட்டேங்கறீங்க. இப்போ தெறந்தா அது என்னா அர்த்தம் ஆவும்?"

எல்லோருக்கும் அவர் பக்கத்து நியாயம் புரிந்தது. ஏட்டு கூடத் தலையாட்டினார்.

நான் லாக்கப் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "அண்ணா" என்றேன். பெட்டிக்குள்ளிருந்து ஓர் இருமல் கேட்டது. குமார் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கும் கல்யாணம் ஆகியிருக்க வேண்டும். எழுந்து வந்தார். என் தலையிலிருந்து ஒரு கொண்டை ஊசியைக் கேட்டு வாங்கினார், பல்லில் கடித்து நீட்டினார், பெட்டிமுன் மண்டியிட்டார். நான் காலையிலிருந்து போராடிய பூட்டு, தும்மல் போடுகிற நேரத்தில் திறந்துகொண்டது.

குமார் ஊசியை என்னிடம் திருப்பிக் கொடுத்தார்.

"தெரியாதுன்னியே?" என்றார் சப்-இன்ஸ்பெக்டர்.

"இப்பத்தான் சார் கத்துக்கினேன்" என்றார் குமார்.

சம்பத்தை நாலு பேர் சேர்ந்து வெளியே எடுத்தார்கள். பெட்டியிலிருந்து அவர் வந்துவிட்டாரே தவிர, பெட்டியின் வடிவம் அவரைவிட்டு வரவில்லை. பெஞ்சில் வைத்தால் மடங்கிய மேனிக்கே இருந்தார். முகம் சிவந்து, கன்னத்தில் ஆணித் தடம். நான் அவர் காலைப் பிடித்து நீவிவிட்டேன். நீவிவிட்டதும் மன்னிப்புக் கேட்டதும் ஒன்றாக நடந்தன. அவர் என்னைப் பார்த்துக் கேட்ட முதல் கேள்வி, "மணி என்ன? அம்மா வந்திருப்பாங்களே?"

சப்-இன்ஸ்பெக்டர் என் விலாசத்தைச் சரிபார்க்க ரத்னம்மா வீட்டு போனுக்கு ஏட்டைப் பேசச் சொன்னார். அப்புறம் வாக்குமூலம் வாங்க உட்கார்ந்தார்.

"பெட்டியைத் தெறந்தது யாரு? பார்த்தவங்க சொல்லுங்க."

சம்பத் லாக்கப்பைப் பார்த்தார். மறுபடி கம்பிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த குமார் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் உள்ள இருந்தேன் சார். இருட்டு. தானா திறந்துகிட்ட மாதிரிதான் இருந்துச்சு" என்றார் சம்பத்.

"நான் கண்ணை மூடி சாமி கும்பிட்டுக்கிட்டு இருந்தேன் சார்" என்றேன் நான்.

செல்வராஜைக் கேட்டார். "நான் ஆட்டோவைத் தொடச்சிக்கினு இருந்தேன் சார்" என்றார் செல்வராஜ். (அவர் பெட்டியின் மூடியை ஒரு பக்கம் பிடித்துக்கொண்டு நின்றவர்.)

"ஆளுக்கு ஆள் கதை எழுதறீங்க போல" என்று சொல்லி சப்-இன்ஸ்பெக்டர் பேனாவை மூடினார். கோபப்பட்ட மாதிரி தெரியவில்லை. காபி வரவழைத்தார். காபி வந்ததும் நாற்காலியை என் பக்கம் திருப்பிப் போட்டார். அப்போதுதான் எனக்கு ஒரு விஷயம் விளங்கியது. கதை எழுதுகிறவர் அகப்பட்டால் விடக்கூடாது என்று காத்திருந்த மனிதர் அவர்.

"நீங்க ரைட்டரா? எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா வேணுங்கற அளவு சொல்லிருப்பேனே! புருஷனை ஏன் பெட்டில போடறீங்க? நான் சர்வீஸ்ல சேர்ந்த புதுசுல ஒரு கேஸு. நிஜமா நடந்தது. எழுதிக்கோங்க."

எழுத என்னிடம் ஒன்றுமில்லை. ஏட்டு ஒரு தாள் கொடுத்தார். சம்பத்தை நிமிர்த்தும் பணியை இரண்டு கான்ஸ்டபிள்களிடம் ஒப்படைத்துவிட்டு, நான் எழுத உட்கார்ந்தேன். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் நல்ல கேஸ்.

இதே சமயம் மல்லேஸ்வரத்தில் நடந்தது எனக்கு அப்புறம்தான் தெரியும். ரயில்வே ஸ்டேஷனில் மகனைக் காணாமல் தேடிச் சலித்த அத்தை, தானே ஓர் ஆட்டோ பிடித்து வீட்டுக்கு வந்திருக்கிறார். வாசலில் ரத்னம்மா தனக்குத் தெரிந்த தமிழில் தகவல் சொல்லியிருக்கிறார்: "உங்க மகனை பெட்டில வெச்சு எத்துக்கிட்டுப் போனாங்க." என்ன பெட்டி, எங்கே என்று அத்தை கேட்பதற்குள் போன் அடித்திருக்கிறது. போலீஸ் ஸ்டேஷன். வந்த ஆட்டோவிலேயே ரத்னம்மாவையும் ஏற்றிக்கொண்டு அத்தை புறப்பட்டுவிட்டார்.

அவர் ஸ்டேஷன் படியேறிய நேரத்தில் சப்-இன்ஸ்பெக்டர் கேஸின் உச்சத்தில் இருந்தார். எழுந்து நின்று, கையை விரித்து, "அப்புறம் என்ன பண்ணா தெரியுமா? பாடியை மடக்கிப் பெட்டில போட்டு, மேல உக்காந்து மூடிட்டா!" என்றார்.

"ஐயோ, என் ராசா!" என்று வாசலில் ஒரு குரல் எழுந்தது. என் மாமியார் நெஞ்சில் அடித்துக்கொண்டு கூடத்தில் சரிந்தார்.

"அம்மா, நான் இங்க இருக்கேம்மா!" என்று சம்பத் எழுந்தார். எழுந்தார் என்றால், பெஞ்சில் மடங்கியிருந்தவர் தரையில் மடங்கினார். மடங்கியபடியே அம்மாவிடம் போனார். அவரை அந்தக் கோலத்தில் பார்த்த அத்தை இன்னும் சத்தமாக அழுதார். கம்பிக்குப் பின்னாலிருந்து குமார், "அழுவாதம்மா, உன் புள்ள நல்லாத்தான் கீறாரு, நான்தான் தெறந்..." என்று ஆரம்பித்து, சப்-இன்ஸ்பெக்டரைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

நடந்ததை அத்தைக்கு ஆளுக்கொரு மொழியில் விளக்கினோம். முழுவதும் கேட்டார். முகத்தைத் துடைத்துக்கொண்டார். பெட்டியைச் சுற்றி ஒரு முறை வந்து மூடியைத் தட்டினார்.

"யார் வீட்டுப் பொட்டி இது?"

"எங்கம்மா வீட்டுதுங்க அத்தை."

"அதானே" என்றார். அந்த ஒரு வார்த்தையில் கல்யாணத்துக்கு முந்திய பேச்சுவார்த்தை எல்லாம் அடங்கியிருந்தது.

பிறகு லாக்கப்பிடம் போனார். "இந்தத் தம்பிதான் தெறந்துச்சா?"

எல்லோரும் கூரையைப் பார்த்தோம்.

"இது இன்னா தப்பு பண்ணிச்சு?"

"பூட்டைத் தெறந்தான்னு சந்தேகம்மா" என்றார் ஏட்டு.

"அது நல்ல பழக்கந்தானே?" என்று கேட்டுவிட்டு, மகனுக்காக ஜோலார்பேட்டையிலிருந்து சுமந்துவந்த முறுக்குப் பை முழுவதையும் கம்பி வழியாகக் குமாரின் மடியில் கொட்டினார். சம்பத் மடங்கியபடியே பார்த்துக்கொண்டிருந்தார். காலையிலிருந்து அவர் ஒன்றும் சாப்பிடவில்லை.

பெட்டியை நாங்கள் திருப்பி எடுத்துவரவில்லை. அத்தை ஏற்றவிடவில்லை. செல்வராஜ் கேட்டார், கொடுத்துவிட்டோம். நகைக்கடை விஷயத்தில் வேறு யாரோ அகப்பட்டு குமார் வெளியே வந்துவிட்டதாக, செல்வராஜ்தான் பிறகு ஒருநாள் மார்க்கெட்டில் பார்த்தபோது சொன்னார். சம்பத் மறுநாள் சாயங்காலம் நிமிர்ந்தார். என்னைத் திட்டவே இல்லை. ஆனால் அதற்கப்புறம் நான் "என்னங்க, ஒரு நிமிஷம்" என்று கூப்பிட்டால், இருந்த இடத்திலிருந்தே "என்ன விஷயம்னு சொல்லு" என்பார்.

திங்கட்கிழமை ஆசிரியருக்கு போன் செய்து, பெட்டியில் ஆள் அடங்குவார், என் பொறுப்பு என்றேன். எழுதி அனுப்பினேன். ஆட்டோ, வேகத்தடை, ஸ்டேஷன், லாக்கப்காரர் பூட்டைத் திறப்பது என்று ஒன்றையும் விடவில்லை. நாவல் வெளிவந்தபோது பெட்டியே இல்லை. பிணம் கார் டிக்கியில் போயிற்று. "பெட்டி அத்தியாயம் எல்லாம் நம்பற மாதிரி இல்லம்மா. நீங்க நேர்ல பார்த்து எழுதணும்" என்றார் ஆசிரியர்.

அதைவிடப் பெரிய விளைவு அத்தைதான். அதுவரை நான் எழுதுவதை அவர் கோலம் போடுவதைப் போல ஒரு பொழுதுபோக்காக நினைத்திருந்தார். அன்றிலிருந்து என்னுடைய எந்தக் கதையும் அவர் படித்துப் பார்க்காமல் தபாலுக்குப் போனதில்லை. எங்களோடு வந்து தங்கியபிறகு இது சட்டமாகவே ஆகிவிட்டது. கதை அவருக்கு முக்கியமில்லை. சாகிறவரின் உயரம், உடம்புவாகு, வேலை, எந்த ஊர் என்று விசாரிப்பார். தன் வீட்டு மனிதர் யாருடைய சாயலாவது தெரிந்தால் பேனாவால் சுழித்துவிடுவார். இதனால் இத்தனை வருஷமாக என் நாவல்களில் ஒல்லியான ஆண் ஒருவர்கூட இறந்ததில்லை. ஜோலார்பேட்டை ரயில் பாதையில் ஒரு கொலையும் நடந்ததில்லை. கல்யாண வீடுகளில் சம்பத்தின் சித்தப்பாமார்கள் என்னைக் கண்டதும் நெஞ்சை நிமிர்த்திக் நுனிக்காலில் நின்று, உயரமாகக் காட்டிக்கொண்டு, "இந்த மாசம் யாரும்மா?" என்று கேட்பார்கள்.

போன மாதம் ஒரு நாவலை முடித்து வழக்கம்போல் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்து பொறுமையாகப் படித்தார். பாதியில் நிமிர்ந்தார்.

"கௌரி, மொட்டமாடியிலருந்து தள்ளிவிட்டதுல சாவறானே ஒருத்தன், அவன் கொஞ்சம் உங்கப்பா மாதிரி இருக்கான் இல்ல?"

எனக்கே அப்போதுதான் உறைத்தது. உயரம், மூக்குப்பொடி, எதற்கெடுத்தாலும் கனைப்பது, எல்லாம் அப்படியே அப்பா. பதறிப்போய், "மாத்திடறேங்க அத்தை" என்று கை நீட்டினேன்.

"எதுக்கு? இருக்கட்டும் விடு" என்று தாள்களைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, அந்த அத்தியாயத்தை மட்டும் முதலிலிருந்து இன்னொரு தடவை படித்தார்.